சீனி இல்லாத வீடு

டப்பாவின் வளையம் கையோடு வந்துவிட்டது. மூடி அசையவில்லை. அமலோற்பவம் வளையத்தை விரலில் மாட்டியபடியே அடுக்களை மேடையருகே நின்றாள், கல்யாண மோதிரத்துக்குப் பக்கத்தில் அது தகரமாய் மினுங்கியது, இதுவும் கழற்ற வராதோ என்று இழுத்துப் பார்த்தாள், வந்தது. பிறந்தது முதல் இந்தத் தூத்துக்குடியில் செவுளை விலக்கிச் சிவப்புப் பார்த்து, கண்ணைப் பார்த்து, விரலால் அமுக்கிப் பார்த்து மீன் வாங்கியவளுக்கு, அறுபது தாண்டிய பிறகு மீனைத் தகர டப்பாவுக்குள்ளிருந்து தோண்ட வேண்டியதாகிவிட்டது. அதுவும் சூரை. மாசிக் கருவாட்டுக்குப் போகிற மீன், விருந்தாள் வந்தால் சீலாவையும் விளமீனையும் முன்னால் வைத்துவிட்டு ஒளித்துவைக்கிற மீன். அதை எங்கேயோ பிடித்து எங்கேயோ வேகவைத்து எண்ணெய் ஊற்றி அடைத்து மஸ்கட்டில் விற்க, மகள் டெல்பின் வாங்கி, லீவில் வந்த ஒருத்தியின் பெட்டியில் வைத்துத் தூத்துக்குடிக்கே அனுப்பியிருக்கிறாள். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனாலும் மகள் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். நேற்று போனில் பொறுமையாகச் சொன்னாள்: எண்ணெயை ஒட்ட வடித்துவிட வேண்டும், வெங்காயம் பொடிசாக, வெள்ளரிக்காய் விதை இல்லாமல், எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி. கடையில் விற்கிற மயோனைஸ் வேண்டாம், அதில் சீனி இருக்கிறது, தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடித்துச் சேர்த்தால் அதே பதம் வரும். "அப்பாவுக்குச் சோறு ஒரு கைப்பிடிகூட வேண்டாம்மா, இது மட்டும் குடுங்க. வயிறு நெறையும், சக்கரை ஏறாது" என்றாள். ஏறாது என்ற சொல்லைக் கேட்டதுமே அமலோற்பவத்துக்கு நெஞ்சில் குளிர்ந்தது. அடுப்பே பற்றவைக்க வேண்டாத சமையல், கண்மூடித் திறப்பதற்குள் ஆகிவிடும். அந்த நம்பிக்கையில்தான் இன்றைக்கு அவருக்குச் சக்கரை ஊசியை முதலில் போட்டுவிட்டு அடுக்களைக்கு வந்தாள். ஊசி போட்டால் அரைமணிக்குள் தட்டு முன்னால் இருக்க வேண்டும். இருக்கும், டப்பாதானே, திறந்துவிடலாம்.

காலைச் சண்டைக்குப் பிறகு ஊசி போடும்போதும் இருவரும் பேசவில்லை. அவள் பஞ்சையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள், பெர்க்மான்ஸ் நாற்காலியில் இருந்தபடியே சட்டையைத் தூக்கினார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் தொப்புளுக்குப் பக்கத்தில் சதையைப் பிடித்துக் குத்தினாள். முப்பத்தெட்டு வருஷம் ஒரே பாயில் கிடந்த உடம்பு, கோபத்தில் இருக்கிறது என்று அந்தச் சதையே சொன்னது, விறைப்பாக இருந்தது. காலையில் வைத்த இரண்டு இட்லியில் ஒன்றரை அப்படியே தட்டில் கிடந்தது, அவள் அதையும் பார்த்தாள், கோபத்தைச் சோற்றில் காட்டுகிறாராம், காட்டட்டும். தப்பு யார் மேல்? மாதாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது யார்? சனிக்கிழமை என்றால் அவள் முன்னறை மாதா பீடத்தைத் துடைப்பாள் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் வைத்திருக்கிறார் என்றால் எவ்வளவு துணிச்சல். மாதா சுரூபத்தைத் தூக்கித் துணியால் துடைத்துவிட்டு, வழக்கமாக நகர்த்தாத சிலைப் பெட்டியை இன்றைக்கு நகர்த்தியபோது அதன் பின்னால் ஒரு பொட்டலம். மக்ரூன். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்த்து அடித்து, கூம்பு கூம்பாகச் சுட்டு, வாயில் வைத்ததும் கரைந்துபோகிற, இந்த ஊர் பேர் சொல்லி விற்கிற மக்ரூன். அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிடுங்குகிற வேகத்தில் பொட்டலத்தின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின் கட்டைவிரலில் கிழித்துவிட்டது. மாதா முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வச்சுத் திங்கீயளா, வெக்கமா இல்லியா என்று கேட்டாள். அவர் எழுந்து வந்தார், கையை நீட்டினார், "ஒண்ணு மட்டும் இருக்கட்டும்ட்டி. அது எதுக்குன்னா" என்று தொடங்கினார். அவள் முடிக்கவிடவில்லை. "எதுக்குன்னு எனக்குத் தெரியும். உங்க அண்ணனுக்கும் தெரியும்" என்றாள். குரூஸ் அண்ணனை இழுத்திருக்க வேண்டாம். இழுத்தாயிற்று. அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை, அவளும் புறவாசலுக்குப் போய் மக்ரூன் அத்தனையையும் மதில்மேல் கொட்டிவிட்டு வந்தாள். காக்கைகள் வந்து சண்டை போட்டுத் தின்றதை நின்று பார்த்தாள். காலிக் கவரைக் கசக்கிக் கழுவுதொட்டிக்குக் கீழே குப்பைக் கூடையில் போட்டாள். விரலில் ரத்தம் லேசாகத்தான் வந்தது.

கத்தியின் முனையை மூடியில் வைத்து அம்மிக்குழவியால் தட்டினாள். கத்தி வழுக்கியது. இன்னொரு தரம். ஒரு பொத்தல் விழுந்து அதிலிருந்து எண்ணெய் துளிர்த்தது, பிறகு ஒரு பொத்தல், இப்படி ஒவ்வொன்றாகச் சுற்றிலும் குத்திக்கொண்டே போனால்தான் மூடி பெயரும். குரூஸ் அண்ணனுக்கும் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் சுண்டுவிரல், செருப்புக் கடித்த புண்தான், கடித்ததே அவருக்குத் தெரியவில்லை. பிறகு பக்கத்து விரல். பிறகு பாதி பாதம். ஒவ்வொரு தரமும் இத்தோடு சரியாகிவிடும் என்று சொன்னார்கள், ஒவ்வொரு தரமும் கொஞ்சம் மேலே வெட்டினார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத குதிகால் அரிக்கிறது என்று அழுதார் மனுஷன். அவர் கட்டிலுக்கு அடியில் சீனி மிட்டாய்க் காகிதம் கிடந்ததை அமலோற்பவம்தான் கூட்டி அள்ளினாள், யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு முடிவு பண்ணினாள். பெர்க்மான்ஸுக்கு மாத்திரை போதாது, ஊசி போட வேண்டும் என்று டாக்டர் சொன்ன அதே சாயங்காலம் சீனி ஜாடியைக் கொண்டுபோய் சாக்கடையில் கவிழ்த்தாள். கருப்பட்டி போயிற்று, தேன் பாட்டில் போயிற்று, கிறிஸ்மஸுக்கு வாங்கிவைத்த உலர்ந்த திராட்சைகூடப் போயிற்று. அவளும் தேயிலையைக் கசப்போடு குடித்தாள், அதை நேர்ச்சையாகவே வைத்துக்கொண்டாள். வீட்டுக்கு யார் வந்தாலும் அதே தேயிலைதான். அமலோற்பவம் அக்கா வீட்டில் எறும்பே பட்டினி என்று மதிலுக்கு அந்தப் பக்கத்து எஸ்கலின் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள், சிரிக்கட்டுமே, சிரிக்கிறவளுக்குக் கால் போகிற பயமில்லாத புருஷன் இருக்கிறான். இந்த ஊரில் தேயிலைக்குப் போடுவது சீனி, ஆளைத் தின்பது சக்கரை. சீனியைத் துரத்திவிட்டாள், சக்கரை மட்டும் முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டிருக்கிறது. தினமும் அவர் தூங்கின பிறகு டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பாள், விரலிடுக்கைப் பிரித்துப் பார்ப்பாள், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். மூடி பாதி பெயர்ந்தது. விளிம்பு கூர்மையாக இருந்தது, விரலை வெட்டிக்கொள்ளாமல் நிமிர்த்த வேண்டும்.

எண்ணெயை வடித்தாள், ஒட்ட வடிய வேண்டும் என்றாளே. கரண்டியால் அமுக்கி அமுக்கி வடித்தாள். மீன் வெளிறிப்போய் நார் நாராக இருந்தது, சூரையின் அந்த ரத்தச் சிவப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை, ஆஸ்பத்திரியில் ரொம்ப நாள் கிடந்த மீன் போல இருந்தது. வெங்காயத்தை எடுத்தாள். அந்த நேரம் முன்னறையிலிருந்து வேர்க்குது என்று குரல் வந்தது. அவள் கத்தியை நிறுத்தினாள். பேசிவிட்டாரா? இல்லை, அவளிடம் பேசவில்லை, காற்றிடம் சொல்லியிருக்கிறார். ஃபேன் ஓடுகிறது, அதன் கிரீச் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்கிறது, ஜன்னல் திறந்திருக்கிறது, கடல்காற்று காலண்டரைப் படபடவென்று அடிக்கிறது, இதில் என்ன வேர்க்கிறதாம். குறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான், சண்டை போட்டால் அவருக்கு வீடு புழுங்கும், உப்புக் கரிக்கும், தலையணை உயரமாக இருக்கும். வெங்காயத்தைப் பொடிசாக, இன்னும் பொடிசாக நறுக்கினாள், கண் எரிந்தது, எரிந்ததற்கு வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று. கொஞ்சம் கழித்து மறுபடியும் குரல், இந்தத் தடவை இன்னும் மெதுவாக, வாய்க்குள் உருட்டிக்கொண்டு: "லாஞ்ச் வந்துட்டா?" அவளுக்கு உள்ளே சுரீரென்றது. வேலையை விட்டு ஏழு வருஷம் ஆகிறது, இப்போது எந்த லாஞ்ச்? துறைமுகத்தில் லாஞ்ச் ஓட்டின நாட்களில் சண்டை வந்தால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான், நான் லாஞ்சுக்கே போயிருதேன். சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார், ஒரு ராத்திரி முழுக்க அந்தப் படகில் கயிற்றுச் சுருள்மேல் படுத்துக் கிடந்துவிட்டு மறுநாள் வருவார், கன்னத்தில் கயிற்றின் தடம் இருக்கும். கைப்பிள்ளையாக டெல்பினை வைத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராத்திரிகள். அதையா இப்போது ஞாபகப்படுத்துகிறார்? இந்த வயதிலும் குத்திக்காட்ட வேண்டுமென்றால் அந்த இடம்தான் அகப்பட்டதா? வரட்டும், வந்தால் ஏறிப் போகட்டும். சொல்லிவிட வாயெடுத்தாள், அடக்கிக்கொண்டாள். முதலில் பேசுகிறவர் தோற்றவர். வெள்ளரிக்காயைப் பிளந்து கரண்டியால் விதையைச் சுரண்டினாள்.

எலுமிச்சையைப் பிழிந்தபோது கட்டைவிரலில் சுள்ளென்று பிடித்தது. பின் கிழித்த இடம். காலையிலிருந்து அங்கே காயம் இருப்பதே மறந்துபோயிருந்தது. கடைக்காரர்கள் ஏன்தான் இப்படிப் பின் அடிக்கிறார்களோ, அதுவும் இரண்டு பின், கவர் வாயை மடித்து இறுக்கி. இறுக்கித்தான் இருந்தது. பிரிக்கவே வரவில்லை, பல்லால் இழுக்கப் பார்த்து, பிறகு கிழித்துத்தான் கொட்டினாள். நினைப்பு அந்த இடத்தில் ஒரு நொடி துணியில் முள் மாட்டின மாதிரி நின்றது, அவள் இழுத்துவிட்டுக்கொண்டு மேலே போனாள். எப்படியும் திங்கத்தானே வைத்தார். மிளகைத் தட்டினாள். ஊசி போடச் சொல்லிக்கொடுத்த அந்த நர்ஸ் பிள்ளையும் மக்ரூன் என்றுதான் சொன்னது, சக்கரை ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டு. அமலோற்பவத்துக்கு அன்றைக்கே அந்தப் பிள்ளைமேல் கோபம். இவள் ஊசியில் மருந்தை எப்படி ஏற்றுவது, குமிழி வந்தால் எப்படித் தட்டுவது என்று கண்ணை அதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், அந்தப் பிள்ளை பாட்டுக்கு, சக்கரை கொறஞ்சா ஒரு கரண்டி சீனியை வாயில போட்டுருங்க, இனிப்பு எப்பவும் கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும், உங்க ஊர்லதான் மக்ரூன் இருக்கே, வச்சதும் கரைஞ்சிரும் என்று சிரித்தது. கொறஞ்சா! குறைந்தால் சந்தோஷம்தானே, அதற்குச் சீனி ஊட்டிக் கொண்டாட வேண்டுமா என்று இவள் நினைத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஒருத்தரையொருத்தர் கேட்கிற கேள்வி அதுதான், கொறஞ்சிருக்கா? கொறஞ்சிருக்கு என்று சொன்னவர் முகம் மலரும், கூடியிருக்கு என்றவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார். அவள் மாதாவிடம் கேட்பதும் அதுதான், மெழுகுதிரி ஏற்றும்போதெல்லாம் அதே வார்த்தை, சக்கரை குறையணும் தாயே, குறையணும். கூடினவர்களைத்தான் அவளுக்குத் தெரியும். கூடினால் என்ன ஆகும் என்று அவள் கட்டில் ஓரத்தில் நின்று கண்ணால் பார்த்திருக்கிறாள். பெர்க்மான்ஸ் அன்றைக்கு நர்ஸ் சொன்னதைத் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார், திரும்ப ஒரு தரம் விசாரித்தார்கூட. இனிப்புப் பேச்சென்றால் காது எப்படித் திறந்துகொள்கிறது பார் என்று அவள் முழங்கையால் இடித்தாள். தயிர்த் துணியைப் பிரித்தாள். நன்றாக இறுகியிருந்தது, டெல்பின் சொன்ன பதம்.

மாதா கோயிலில் உச்சி மணி அடித்தது. அமலோற்பவம் கையைத் துடைத்துக்கொண்டு முந்தானையைத் தலையில் போட்டாள். இப்போது தொடங்குவார். இந்த வீட்டில் மணி அடித்தால் திரிகால செபம், அவர் முதல் பாதி சொல்வார், அவள் எங்கே நின்றாலும் அங்கிருந்தே மறுபாதி சொல்வாள், அடுக்களையிலிருந்து, குளியலறையிலிருந்து, ஒரு தடவை பிரசவ வலியோடு கட்டிலில் கிடந்தபோதுகூட. எத்தனை சண்டை அந்த மணியில் முடிந்திருக்கிறது. மாமியார் செத்த வருஷம் நகை விஷயமாக மூன்று நாள் பேசாமல் இருந்தார்கள், ஆனால் அந்த மூன்று நாளும் மணி அடித்ததும் அவர் கேட்பார், அவள் பதில் சொல்வாள், கடவுளுக்குச் சொல்கிற சாக்கில் ஒருத்தர் குரல் இன்னொருத்தர் காதில் விழுந்துவிடும். நாலாம் நாள் ஆமென் சொல்லிவிட்டு அப்படியே, என்ன குழம்பு என்று கேட்டார். அவ்வளவுதான், சண்டை போன இடம் தெரியவில்லை. லாஞ்சுக்குப் போன நாட்களில்கூட மத்தியான மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், வாசற்படியில் நின்றே தொடங்கிவிடுவார். அதனால் அவள் காத்திருந்தாள். மணியின் ரீங்காரம் தேய்ந்து, காகம் கத்துவது கேட்டது, ஃபேன் கிரீச்சிட்டது. முன்னறையில் சத்தமில்லை. பேப்பர் சரிந்து தரையில் விழுகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் முந்தானையைப் பிடித்தபடியே நின்றாள். செபத்தையும் விட்டுவிட்டாரா? அவ்வளவு கோபமா? அண்ணனைச் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறாள், ஆனால் அதற்காக இதையுமா நிறுத்துவது? முப்பத்தெட்டு வருஷத்தில் இல்லாதது. நான் தொடங்கட்டுமா என்று ஒரு நினைப்பு வந்தது. ஒரு வார்த்தை போதும், முதல் வார்த்தை. அவர் பதில் சொல்லாமல் இருந்துவிட்டால்? அந்த அவமானத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? உடனே வீம்பு வந்தது, வேண்டாம், அவரே தொடங்கட்டும், தொடங்க வேண்டியது அவர் பாதி. முந்தானையைத் தோளில் விட்டுவிட்டு மீனையும் வெங்காயத்தையும் தயிரையும் சேர்த்துக் கிளறினாள்.

தட்டில் வைத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் வெள்ளரி வில்லைகளைச் சுற்றி அடுக்கினாள், நடுவில் கொத்தமல்லி கிள்ளிப் போட்டாள், கோபத்தில் சமைத்தாலும் கை தன் வேலையைச் செய்துவிடுகிறது. நாக்கில் தொட்டு வைத்துப் பார்த்தாள். உப்பு, புளிப்பு, உறைப்பு, மீன் வாடை. இனிப்பு மட்டும் மருந்துக்கும் இல்லை. அவளுக்கு அதில் ஒரு கர்வம் வந்தது, மகளுக்கு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். சண்டை நாளில் சாப்பாடு வைப்பதற்கென்று ஒரு முறை உண்டு, முகத்தைப் பார்க்கக் கூடாது, தட்டைக் கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி வைக்க வேண்டும், திரும்பி வந்துவிட வேண்டும். அவள் அப்படியே செய்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தட்டை டங்கென்று வைத்தாள். கண் தன் வழக்கப்படி அவர் காலுக்குப் போயிற்று. இரண்டு பாதமும் தரையில் ஒழுங்காக இருந்தன, பத்து விரலும், கீறல் இல்லை, வீக்கம் இல்லை, நிறம் மாறவில்லை. வலது பாதம் லேசாக நடுங்கியது, கோபத்தில் தாளம் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியோடு அடுக்களைக்குத் திரும்பினாள். கழுவுதொட்டியில் டப்பாவைக் கழுவினாள். கரண்டி தட்டில் படுகிற சத்தம் வரவில்லை. பிடிக்கவில்லையாக்கும், மகள் சொல்லி மனைவி செய்தது பிடிக்காது, மக்ரூன் என்றால் பிடித்திருக்கும். பாத்திரம் கழுவுகிற சோப்புத் தண்ணீர் கட்டைவிரலில் பட்டு மறுபடி எரிந்தது. மறுபடி அந்தப் பின். இரண்டு பின். இறுக்கி அடித்தபடியே இருந்தது. திருட்டுத்தனமாகத் தின்கிறவர் பொட்டலத்தைப் பிரிக்காமலா வைத்திருப்பார்? மதிலில் கொட்டினபோது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக விழுந்தனவே, நேற்று வாங்கினது அப்படி இருக்காது, நாள்பட நாள்பட ஈரம் கோத்தால்தான் அப்படி நமுத்துப்போகும், ஊசி தொடங்கின நாளிலிருந்தே அங்கே இருந்திருக்க வேண்டும். இத்தனை நாளாக, மாதாவுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், ஒன்றுகூடத் தொடாமல். கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும். அது எதுக்குன்னா. கொறஞ்சா. ஒன்றரை இட்லி தட்டில் கிடந்ததே, ஊசி போட்டோமே, சோறும் இல்லையே, வேர்க்குது என்றாரே.

ஓடினாள். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, நெற்றியில் வேர்வை முத்து முத்தாக, தொட்டால் ஐஸ். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை, அவளைத் தாண்டி எங்கேயோ தண்ணீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. என்னங்க, என்னங்க என்று தோளைக் குலுக்கினாள், தாடை ஆடியது. சீனி. அடுக்களைக்கு ஓடினாள், ஜாடி இருந்த இடத்தில் உப்பு இருந்தது, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்தாள், மல்லி, மிளகாய், வெந்தயம், கருப்பட்டி இருந்த பானையில் புளி, தேன் பாட்டில் இருந்த அலமாரித் தட்டு சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. அவளே துடைத்தாள். இவ்வளவு பெரிய வீட்டில் ஒரு எறும்பு தின்கிற அளவுக்குக்கூட இனிப்பு இல்லை. புறவாசல் கதவைத் தள்ளி, "எஸ்கலின், சீனி கொண்டா, சீனி" என்று கத்தினாள், அந்த வார்த்தையை அந்த வீட்டில் சொல்லி எவ்வளவு காலமாயிற்றோ. மதிலில் ஒன்றும் மிச்சமில்லை, காக்கை எச்சம்தான் இருந்தது. குப்பைக் கூடையைக் கவிழ்த்தாள். வெங்காயத் தோலுக்கும் வெள்ளரி விதைக்கும் நடுவில் அந்தக் கவர், மீன் எண்ணெய் பட்டுக் கிடந்தது. விரலை உள்ளே விட்டாள். மூலையில் பிசுபிசுவென்று கொஞ்சம் தூள், ஒரு கூம்பின் உடைந்த நுனி. அதைக் கையில் பொத்திக்கொண்டு ஓடிவந்து அவர் கன்னத்துக்குள் விரலை நுழைத்து ஈறில் தேய்த்தாள், தூளைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள், கவரை நக்குகிற மாதிரி வழித்துத் தேய்த்தாள். இது மீன் நாறுதுங்க, மன்னிச்சுக்கோங்க, முழுங்குங்க என்று எதையெதையோ சொன்னாள். அவர் குரலைக் கேட்க வேண்டும், எழுப்ப வேண்டும், செபத்தைச் சொன்னால் எழுவார் என்று தோன்றியது. வாயைத் திறந்தாள். முதல் வார்த்தை வரவில்லை. மறுபாதி வந்தது, தாராளமாக வந்தது, அது பதில்தான், கேட்காத கேள்விக்குப் பதிலை எப்படிச் சொல்வது? அவர் பாதியை இத்தனை வருஷம் காதால் கேட்டிருக்கிறாளே தவிர அவள் நாக்கு ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. அப்படியானால் இனி யார் தொடங்குவார் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பயம் பிடித்தது, இதுவரை பட்ட பயமெல்லாம் பயமே இல்லை என்கிற மாதிரி ஒரு பயம்.

எஸ்கலின் மதில் சுற்றி ஓடிவந்துவிட்டாள், ஒரு தம்ளரில் சீனியைக் கரைத்து. எதுவும் கேட்கவில்லை, எறும்புக் கதையும் பேசவில்லை, அவர் தலையைத் தன் இடுப்பில் சாய்த்துக்கொண்டாள். அமலோற்பவம் கரண்டியால் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும். மூன்றாவதற்குத் தொண்டை அசைந்தது. எஸ்கலின் ஆட்டோவுக்குப் போன் போட்டுவிட்டுத் தெருமுனைக்குப் போனாள். ஸ்டூலில் தட்டு அப்படியே இருந்தது, தயிர் நீர் விட்டு வெள்ளரி வில்லைகள் அதில் மிதந்தன, ஒரு ஈ உட்கார்ந்து எழுந்தது. அமலோற்பவம் தரையில் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாதத்தைப் பார்க்கவில்லை, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மெல்ல மெல்ல ஆள் வந்து உட்கார்ந்தது. உதட்டை நக்கினார். அவளைப் பார்த்தார், அடையாளம் தெரிய நேரமாயிற்று, தெரிந்தது. வெளியே வெயில் ஏறியிருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தார், அவர் முகத்தில் ஏதோ ஒரு வேலையை விட்டுவிட்ட கலக்கம் வந்தது.

"மணி அடிச்சிட்டாட்டி?"

அவளுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிக்கொண்டாள்.

"இல்லங்க" என்றாள். "இன்னும் அடிக்கல."

அவர் தலையை அசைத்தார். கையைத் தூக்கி நெற்றியில் சிலுவை போடப் பார்த்தார், கை பாதியில் விழுந்தது, அவள் அதைப் பிடித்து நெற்றிக்குக் கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் காத்திருந்தார், மணிக்காகத்தான். அது வராததால் அவரே தொடங்கினார், நாக்குக் குழறி, வார்த்தை வார்த்தையாக, ஒரு வார்த்தையை விட்டுவிட்டு. அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தன் பாதியைச் சொன்னாள்.